டாக்டரம்மா காருக்குப் பட்டை கட்டிய கதை

வேலையை விட்டு நின்ற பிறகும் வாரத்தில் ஒரு நாள் பழைய பட்டறைக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வராவிட்டால் எனக்கு மனசு ஆறாது. போன மாதம் அப்படிப் போயிருந்தபோது, ஒரு சின்ன காரின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி வைத்துக்கொண்டு மெக்கானிக்குகள் வாதம் செய்துகொண்டிருந்தார்கள். நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர் ஒருவரின் கார். வாரநாளில் முட்டை ஏற்ற வேண்டும், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கோயிலுக்குப் போக வேண்டும். முட்டையும் உடையக் கூடாது, அவர் மனைவிக்கு இடுப்பும் வலிக்கக் கூடாது.

"அடியில ரெண்டு வில்பட்டை சேத்துப் போட்டா வேலை முடிஞ்சுது" என்றார் ஒருவர்.

"பாரம் தாங்கும். முட்டையெல்லாம் ஆம்லெட் ஆயிரும்" என்றார் இன்னொருவர்.

என்னைப் பார்த்ததும் "நீங்க சொல்லுங்க" என்று ஸ்டூலைத் தள்ளிப் போட்டார்கள். பட்டை சேர்ப்பது கடைசியில் செய்கிற வேலை, முதலில் பாரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள் என்றேன். அது எப்படி என்று கேட்டார்கள். அதைச் சொல்ல யுத்த காலத்து டாக்டரம்மா காரின் கதையைச் சொல்ல வேண்டியதாயிற்று. டீ ஆறிப்போகும் வரை கேட்டுவிட்டு, "இதை எழுதி வையுங்க" என்றார்கள். அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் பழனிசாமி. ஜலகண்டாபுரத்தில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவன். தறியில் உட்கார்ந்தால் எனக்குக் கால் மரத்துப்போகும். வீதியில் பஸ் போனால் எழுந்து ஓடிவிடுவேன். "இவன் பாவு ஓட்டறதுக்கு ஆகமாட்டான், எங்கியாச்சும் வண்டி ஓட்டட்டும்" என்று என் தகப்பனாரே சேலத்துக்குக் கூட்டிவந்து ஒரு பஸ் முதலாளியின் பட்டறையில் விட்டுவிட்டுப் போனார். கோபத்தில் விட்டார் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். பிறகுதான் புரிந்தது, என் கால் எங்கே போகிறது என்று அவர் பார்த்து வைத்திருக்கிறார். அதற்காக இன்றும் அவரைக் கும்பிடுகிறேன்.

ஆரம்ப வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சக்கரம் கழற்றினேன், கிரீஸ் அடித்தேன், கை கறுத்தது. நான் ஓரளவு வேலைக்காரன் என்று பெயர் எடுத்தபோது பட்டறையில் பட்டை வேலைக்கு ஆள் குறைந்தது. அப்படித்தான் நல்லமுத்து மேஸ்திரியோடு சேர்ந்தேன்.

இந்தக் காலத்தில் காருக்கு அடியில் என்னென்னவோ வந்துவிட்டது. அன்றைக்கு எல்லாம் பட்டைதான். வில் போல வளைந்த எஃகுத் தகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் ஒரு போல்ட்டால் பிடித்து, அச்சின்மேல் கட்டியிருக்கும். மேலே நீளமாக இருப்பது மெயின் பட்டை. அதன் இரண்டு முனையும் சுருண்டு காது போல இருக்கும். அந்தக் காதுதான் வண்டியையும் அச்சையும் பிணைத்து வைத்திருப்பது. காது போனால் சக்கரம் தன் வழியில் போய்விடும்.

நல்லமுத்து மேஸ்திரி திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். ஒல்லியான ஆள், குரலை உயர்த்த மாட்டார். பெரியவர் சின்னவர் யாரானாலும் 'சாமி'தான். ஆனால் வேலை சரியில்லை என்றால் அவர் செய்கிற காரியம் பட்டறையில் பிரசித்தம். திட்ட மாட்டார். நாம் சரியில்லாமல் செய்த உருப்படியைக் கழற்றி, துடைத்து, நம்முடைய தூக்குப்போசி மேல் வைத்துவிட்டுப் போய்விடுவார். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால் சோற்றுப் பாத்திரத்தின் மேல் ஒரு புஷ்ஷோ ஒரு போல்ட்டோ பளபளவென்று உட்கார்ந்திருக்கும். அதைக் கையில் எடுத்த பிறகு யாருக்குச் சோறு இறங்கும்? நான் அப்படி எத்தனையோ நாள் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறேன். வேலை சரியாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். தூக்குப்போசி மேல் ஒன்றும் இல்லாமல் இருப்பதுதான் பாராட்டு.

இரண்டாவது உலக யுத்தம் வந்தது. பெட்ரோலைக் கூப்பனுக்குத்தான் அளந்து கொடுத்தார்கள். பஸ்களின் பின்னால் கரி அடுப்பு கட்டினார்கள். உருளையான இரும்புப் பீப்பாயில் அடுப்புக்கரியைக் கொட்டிப் பற்றவைத்து, அதிலிருந்து வருகிற வாயுவைக் குளிர வைத்து, வடிகட்டி இஞ்சினுக்குள் அனுப்புவது. கரி பஸ் என்பார்கள். மேடு வந்தால் ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டும். பஸ்ஸுக்கு அந்தப் பீப்பாய் ஒரு பாரமில்லை. சின்ன காருக்கு அது ஒரு மலை.

ஒரு நாள் காலையில் அப்படி ஒரு கார் எங்கள் வாசலில் வந்து நின்றது. பின்பக்கம் குந்தி உட்கார்ந்த நாய் மாதிரி தரையோடு தரையாக இருந்தது. மூக்கு ஆகாயத்தைப் பார்த்தது. உள்ளேயிருந்து வெள்ளைச் சேலை கட்டிய ஓர் அம்மாள், ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்து மரத்துப்போன கையை உதறிக்கொண்டே இறங்கினார். பெண் ஒருவர் கார் ஓட்டி வந்ததை எங்கள் தெரு அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தது. வேலையை விட்டுவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட்டோம்.

அவர்தான் டாக்டரம்மா, தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். சேந்தமங்கலத்தில் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்று வைத்திருந்தார். சின்ன இடம், நாலு கட்டில். கொல்லிமலை அடிவாரத்து ஊர்களிலிருந்து மாட்டுவண்டியில் பெண்களைக் கொண்டுவருவார்கள். அவரால் முடிந்ததை அங்கேயே பார்ப்பார். அறுத்துப் பார்க்க வேண்டிய கேஸ் என்றால் சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். அந்தச் சின்ன காரை நாமக்கல் பக்கத்துப் பண்ணையக்காரர் ஒருவர் நன்றிக்காகக் கொடுத்திருந்தார். கூப்பன் பெட்ரோல் போதாமல், டாக்டரம்மா வேறு ஊரில் யாரிடமோ கரி அடுப்பு கட்டிக்கொண்டார். பின்பக்கம் இறங்கியதும், அங்கேயே ஓர் ஆள் லாரிப் பட்டையை வெட்டி உள்ளே சொருகிவிட்டார்.

"வண்டி கொஞ்சம் நிமிர்ந்தது, உண்மை" என்றார் டாக்டரம்மா. "ஆனா உள்ள படுத்திருக்கறவங்களை உலக்கையால இடிக்கிற மாதிரி இருக்கு. போன வாரம் ஒரு பொண்ணு ராசிபுரம் வர்றதுக்குள்ள என் கையைக் கடிச்சிட்டா. வலி தாங்கலை. பிரசவ வலி இல்லை, வண்டி வலி." முன்கையைக் காட்டினார். பல் பட்ட காயம் ஆறாமல் இருந்தது.

மேஸ்திரி அந்தக் கையைப் பார்த்தார்.

"என்ன வேணுமுங்க உங்களுக்கு?"

"மூணு வேணும். படுத்திருக்கறவங்களுக்கு அலுங்கக் கூடாது. நாலு பேரும் கரி மூட்டையும் ஏறினாலும் உட்காரக் கூடாது. திருப்பத்துல நான் சொன்ன பக்கம் போகணும். இப்போ ஸ்டியரிங்கைத் திருப்பினா வண்டி யோசிச்சுட்டுத்தான் திரும்புது."

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "மூணும் ஒண்ணுக்கொண்ணு சண்டைக்காரங்க அம்மா. ஒண்ணைக் கூப்பிட்டா இன்னொண்ணு கோவிச்சுக்கும். பாக்கலாமுங்க."

அவர் வேலை செய்கிற முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். முதலில் அவர் எந்த போல்ட்டிலும் கை வைக்கவில்லை. பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு, என்னை ஓட்டச் சொன்னார். செவ்வாய்ப்பேட்டை வரை போய் வந்தோம். கண்ணை மூடிக்கொண்டு வந்தார். திரும்பியதும் ஒரு மூங்கில் குச்சியை எடுத்து, நாலு சக்கரத்திலும் அச்சு நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை உயரத்தை வைத்துச் சாக்பீஸால் கோடு போட்டார். பிறகு திருமணிமுத்தாற்று மணலைச் சாக்கில் நிரப்பி, ஆள் எடைக்கு ஒரு சாக்கு என்று உள்ளே ஏற்றி, மறுபடி கோடு போட்டார். வெறும் வண்டியின் கோடும், பாரம் ஏற்றிய வண்டியின் கோடும் பின்சக்கரத்தில் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன.

"பாத்தியா சாமி? இந்தப் பட்டை வளையறதே இல்லை. வளையாத பட்டை பட்டையே இல்லை, கட்டை."

லாரிப் பட்டையைக் கழற்றி எறிந்தோம். தடித்த பட்டை கொஞ்சம் போடுவதற்குப் பதிலாக மெல்லிய பட்டையை நிறையப் போட வேண்டும் என்பது அவர் கணக்கு. தாங்குகிற பலம் அதேதான், ஆனால் இளகிக் கொடுக்கும். யுத்த காலத்தில் புது எஃகு எங்கே கிடைக்கும்? மேட்டூர் அணை வேலை முடிந்தபோது கழித்துப்போட்ட பழைய கார்கள் சில ஓர் இரும்புக் கடையில் கிடந்தன. அவற்றின் பட்டைகளைப் பொறுக்கி எடுத்தோம். ஒவ்வொன்றையும் கல்லில் தட்டிச் சத்தம் கேட்பார். மணி மாதிரி நீண்டு ஒலித்தால் எடுத்து வைப்பார். சட்டென்று அடங்கினால் உள்ளே விரிசல் என்று தள்ளிவிடுவார்.

உலையில் காய்ச்சி, செம்பரத்தைப் பூ நிறம் வந்ததும் எடுத்து, வேண்டிய வளைவுக்குத் தட்டி, புங்கெண்ணெய்த் தொட்டியில் அமுக்குவார். துவைச்சல் என்பது அதற்குப் பேர். அதோடு விட்டால் பட்டை கண்ணாடி போல உடையும். அதனால் மறுபடி மெல்லச் சூடு காட்ட வேண்டும். போதுமான சூடு வந்ததா என்று பார்க்க, காய்ந்த வேப்பங்குச்சியைப் பட்டையின்மேல் இழுப்பார். குச்சி வழுக்கிக்கொண்டு போய், சின்னப் பொறி பறந்தால் பதம். அங்கேயே நிறுத்தி ஆற விடுவார். நான் சம்மட்டி போடுவேன். மேல்பக்கத்தில் ஒரு சம்மட்டித் தழும்பு விழுந்தாலும் அந்தப் பட்டை போயிற்று. தழும்பு விழுந்த இடத்தில்தான் பட்டை பிளக்கும் என்பார்.

அடுக்குவதற்கு முன் ஒவ்வொரு பட்டையின் முனையையும் அரம் போட்டு மழுக்கி, இடையில் பென்சில் கரித்தூளைக் கலந்த கிரீஸைத் தடவினோம். மண் போகாமலிருக்க, தோல் தைக்கிற ஒருவரைக் கூட்டிவந்து, முழுப் பட்டைக் கட்டுக்கும் செருப்பு மாதிரி தோல் உறை தைத்துக் கயிறு கோர்த்து மூடினோம். அடியில் தட்டையாக இரண்டு பட்டை தனியாகக் கட்டினார். வெறும் வண்டியில் அது எதையும் தொடாது. பாரம் ஏறி மேல் பட்டைகள் இறங்கிய பிறகுதான் அது வந்து முட்டுக் கொடுக்கும்.

இன்னொன்றும் செய்தார். இரண்டாவது பட்டையின் முனையை நீட்டி, மெயின் பட்டையின் காதைச் சுற்றி இன்னொரு காதாக வளைத்தார். அதை உருட்டி எடுப்பதற்குள் எனக்குக் கை கழன்றுவிட்டது.

"எதுக்குங்க மேஸ்திரி இவ்வளவு மெனக்கெடணும்? கார்ல யாரும் இதைப் போடறதில்லியே" என்று கேட்டேன்.

"மெயின் பட்டை பழசு சாமி. எந்த வண்டியில எவ்வளவு ஓடுச்சோ நமக்குத் தெரியாது. அது போனா பிடிக்கறதுக்கு இன்னொரு கை வேணும்."

டாக்டரம்மா வந்து ஓட்டிப் பார்த்துவிட்டு, முகம் மலர்ந்து கொண்டுபோனார். எங்களுக்கும் சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷம் வெகுநாள் நிலைக்கவில்லை. கார் திரும்ப வந்துவிட்டது.

"நேர் ரோட்ல தொட்டில் மாதிரி போகுது" என்றார். "ஆனா திருப்பத்துல சாயுது. பின்னாடி இருக்கற அந்தப் பீப்பாய் வண்டியை வால் ஆட்டற மாதிரி ஆட்டுது. புதுச்சத்திரம் பக்கத்துல ஏரிக்கரைத் திருப்பம். நல்லவேளை, வண்டியில யாரும் இல்லை. கரையோட விளிம்புல போய் நின்னுச்சு." குரல் நடுங்காமல்தான் சொன்னார். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்ததும் தண்ணீர் கேட்டு ஒரு செம்பையும் குடித்துவிட்டார்.

மேஸ்திரிக்கு முகம் சுண்டிப்போயிற்று. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். பின் பம்பரைப் பிடித்து அமுக்கினார், முன் பம்பரைப் பிடித்துத் தூக்கினார். முன்பக்கம் ஒரு கையால் தூக்கக்கூடிய மாதிரி லேசாக இருந்தது.

"நாம பட்டையைப் பாத்தோம், பாரத்தைப் பாக்கலை" என்றார் சாயங்காலம். "பீப்பாய் பின் அச்சுக்கு வெளிய தொங்குது. அது பின்னால அமுக்க அமுக்க முன்னால தூக்குது. முன்சக்கரம் ரோட்டைத் தொட்டும் தொடாமயும் போனா எப்படித் திரும்பும்?"

வாயுவைக் குளிர வைக்கிற குழாய்களும் வடிகட்டுகிற பெட்டியும் பின்னால்தான் இருந்தன. அவற்றைக் கழற்றி முன் பம்பருக்கு மேல் கொண்டுபோய்க் கட்டினோம். கரிப் பீப்பாயையும் பின் அச்சை ஒட்டி எவ்வளவு உள்ளே தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளினோம். பாரம் முன்னும் பின்னும் பங்காயிற்று. முன்பட்டைக்கும் மெல்லியதாக ஒன்று சேர்த்தோம். அந்தக் கார் பார்க்க என்னவோ போல் ஆகிவிட்டது. மூக்கில் பெட்டி, முதுகில் பீப்பாய். டாக்டரம்மா பார்த்துவிட்டுச் சிரித்தார். "அழகுக்கு நான் வேற வண்டி வாங்கிக்கறேன்" என்றார்.

ஆட்டத்தை அடக்க அன்றைக்கு இருந்த ஷாக் அப்சர்வர் எளிமையானது. இரண்டு இரும்புக் கைகளுக்கு நடுவில் தோல் வட்டுகளை வைத்து ஒரு போல்ட்டால் இறுக்கியிருக்கும். பட்டை துள்ளும்போது அந்தத் தோல் உராய்ந்து துள்ளலை விழுங்கிவிடும். போல்ட்டை இறுக்கினால் சாய்வு குறையும், ஆனால் இடி கூடும். தளர்த்தினால் மெத்தென்று இருக்கும், ஆனால் ஆடும். எங்கே நிறுத்துவது? மணல் மூட்டை பேசாது.

"நான் பேசுவேன்" என்றார் டாக்டரம்மா.

முன் இடது சீட்டை எடுத்துவிட்டு, முன்னிருந்து பின்வரை ஒரு ஆள் நீட்டிப் படுக்கிற மாதிரி சட்டம் அடித்து, ஜலகண்டாபுரத்திலிருந்து என் சித்தப்பா கொடுத்தனுப்பிய நாடாவால் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருந்தோம். அதில் டாக்டரம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறிப் படுத்துக்கொண்டார். மேஸ்திரி பதறிப்போனார்.

"வேண்டாமுங்க அம்மா. பழனி படுத்துக்கட்டும், நான் ஓட்டறேன்."

"பழனிக்கு எந்த இடத்துல வலிச்சா ஆபத்துன்னு தெரியுமா? எனக்குத் தெரியும். ஓட்டுங்க."

நான் ஓட்டினேன். மேஸ்திரி பின்னால் ஸ்பானரோடு குந்தியிருந்தார். ரோடு குண்டும் குழியும். "இடுப்புல!" என்று படுத்தபடியே கத்துவார் டாக்டரம்மா. நிறுத்துவேன். மேஸ்திரி இறங்கிப் பின் போல்ட்டைத் துளி தளர்த்துவார். மறுபடி ஓட்டுவேன். "இப்போ இடுப்பு தேவலை, உருள்றேன்!" நிறுத்துவேன். துளி இறுக்குவார். ரோட்டோரத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு, படுத்துக்கொண்டு கத்துகிற அம்மாளையும் ஸ்பானரோடு ஓடுகிற கிழவரையும் வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் வெகுதூரம் ஒரு சத்தமும் வரவில்லை. என்ன ஆயிற்றோ என்று திரும்பிப் பார்த்தேன்.

"ஏன் நிறுத்தறீங்க? போங்க, நல்லா இருக்கு" என்றார், கண்ணைத் திறக்காமல்.

மேஸ்திரி அந்த போல்ட்டின் தலையில் உளியால் ஒரு கோடு வெட்டி, "இதுதான் அளவு. இதை யாரும் தொடக் கூடாது" என்றார்.

அடுத்த வாரம் வடிகட்டியின் துணியை மாற்றித் தருவதற்காக நான் சேந்தமங்கலத்துக்குப் போயிருந்தேன். வேலை முடித்துக் கை கழுவுகிற நேரம். ஒரு மாட்டுவண்டி ஓட்டமும் நடையுமாக வந்து வாசலில் நின்றது. வண்டிக்குள் பாவாயி என்ற பெண். தலைப்பிரசவம். அவள் புருஷன் பெரியண்ணன் வண்டியோடு ஓடிவந்து வாய் உலர்ந்து நின்றான். மாமியார் மருமகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "சாமி, சாமி" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். வண்டியில் பரப்பியிருந்த வைக்கோல் நனைந்து சிவந்திருந்தது.

டாக்டரம்மா உள்ளே கொண்டுபோய்ப் பார்த்தார். சீக்கிரமே வெளியே வந்தார். "இங்க முடியாது. சேலம் போகணும். நான் அவகூடப் பின்னால இருக்கணும். பழனிசாமி, நீங்க ஓட்டுவீங்களா?"

நான் தலையாட்டினேன். கரி அடுப்பைப் பற்றவைத்து வாயு வர நேரமாகும். அடுப்புக்குக் காற்று ஊதுகிற சக்கரத்தின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆத்திர அவசரத்துக்கென்று டாங்கில் கொஞ்சம் பெட்ரோல் வைத்திருந்தார்கள். அதில் இஞ்சினைக் கிளப்பி, கரி பிடித்ததும் வாயுவுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று புறப்பட்டேன். படுக்கையில் பாவாயி, அருகில் முட்டிபோட்டு டாக்டரம்மா, வலப்பக்க மூலையில் மாமியார், பெரியண்ணன் இடப்பக்க ஃபுட்போர்டில் தொற்றிக்கொண்டான். கரி மூட்டை வேறு. அந்தச் சின்ன கார் செய்யப்பட்ட ஊரில் யாராவது அதைப் பார்த்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள்.

ஏறிய பாரத்துக்கு அடிப்பட்டை வந்து முட்டுக் கொடுத்ததை இருக்கையிலேயே உணர்ந்தேன். கார் உட்காரவில்லை. புதுச்சத்திரத்து ஏரிக்கரைத் திருப்பம் வந்தபோது வேகத்தைக் குறைத்தேன். திருப்பத்தின் நடுவில் எருமைகள். ஒரு பக்கம் ஒடித்து, உடனே மறுபக்கம் ஒடித்தேன். கார் நான் சொன்னபடி போய், சொன்னபடி வந்தது. பின்னால் திரும்பாமலே, "எப்படியம்மா?" என்றேன். "இங்க பாக்காதீங்க. ரோட்டைப் பாருங்க" என்றார்.

ராசிபுரம் விலக்கைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். வலது பின்பக்கம் 'டங்' என்று ஒரு சத்தம். எந்தச் சத்தம் அது என்று எனக்குத் தெரியும்.

நிறுத்தி, இறங்கி, அடியில் படுத்துப் பார்த்தேன். தோல் உறையின் முனையை விலக்கினால், மெயின் பட்டை காதை ஒட்டிச் சுத்தமாக இரண்டாகப் போயிருந்தது. ஆனால் அச்சு நகரவில்லை. இரண்டாவது பட்டையின் காது சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் திட்டிக்கொண்டே உருட்டிய காது.

எழுந்தபோது டாக்டரம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போகலாமா, கூடாதா?"

வேறு வண்டி வரும் ரோடு இல்லை அது. மாட்டுவண்டி தேடிப் பிடித்தாலும் பொழுது போய்விடும். நான் மேஸ்திரியின் கையை நினைத்தேன். அந்தக் காதை உருட்டும்போது அவர் எத்தனை முறை உலைக்குத் திருப்பினார் என்று நினைத்தேன்.

"போகலாமுங்க" என்றேன். "அந்தம்மா மட்டும் இடப்பக்கமா நகரட்டும். மெதுவாத்தான் போவேன்."

மாமியார் நகர்ந்து மருமகளின் காலருகே ஒடுங்கிக்கொண்டாள். பெரியண்ணன் என் முகத்தைப் பார்த்து, "ஏனுங்க, நான் இறங்கி ஓடிவந்துரட்டுங்களா?" என்று கேட்டான். கேட்டபடியே இறங்கியும் விட்டான். மல்லூர் மேட்டில் கரிவாயு மூச்சு வாங்கியபோது, காருக்குப் பின்னால் ஓடிவந்து தோள் கொடுத்தது அவன்தான். மேடு ஏறியதும் மறுபடி தொற்றிக்கொண்டான்.

ஒவ்வொரு பள்ளமும் எனக்கு ஒரு கிணறு மாதிரி தெரிந்தது. சக்கரத்தைப் பள்ளத்தின் விளிம்பு விளிம்பாக நடத்திக்கொண்டு போனேன். பின்னாலிருந்து ஒரு முனகலாவது கேட்காதா என்று காது அங்கேயே இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. அது நல்லதா கெட்டதா என்று கேட்கவும் பயமாக இருந்தது. சேலம் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி ஹார்னை அழுத்தினேன். ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்தார்கள். டாக்டரம்மா கூடவே ஓடினார்.

பட்டறைக்குச் சொல்லி அனுப்பினேன். மேஸ்திரி வேறொரு மெயின் பட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, தானே வந்துவிட்டார். உடைந்த பட்டையைப் பார்த்தார். காதைத் தடவிப் பார்த்தார். "பிடிச்சிருக்கு" என்று மட்டும் சொன்னார். ஆஸ்பத்திரி மரத்தடியிலேயே ஜாக்கி வைத்து இரண்டு பேரும் பட்டையை மாற்றினோம். பெரியண்ணன் எங்களுக்குக் கல் எடுத்துக் கொடுத்தான், சக்கரத்தைப் பிடித்துக்கொண்டான். சும்மா உட்கார அவனால் முடியவில்லை.

டாக்டரம்மா வெளியே வந்தபோது சேலையெல்லாம் கறை. எங்களைப் பார்க்காமல் நேராக அவனிடம் போனார். "பொண்ணு பிறந்திருக்கா. ரெண்டு பேரும் இருக்காங்க. போய்ப் பாரு." அவன் கையிலிருந்த கல்லைக் கீழே போடத் தோன்றாமல் கல்லோடு உள்ளே ஓடினான். டாக்டரம்மா காரின் படியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். மேஸ்திரி தன் தோள் துண்டை உதறி அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, போல்ட் இறுக்கக் குனிந்தார்.

அந்தக் கார் யுத்தம் முடிகிற வரை அந்த ரோட்டில் ஓடியது. அதில் எத்தனை பேர் வந்தார்கள் என்று டாக்டரம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பிறகு நான் எத்தனையோ லாரிக்கும் பஸ்ஸுக்கும் பட்டை கட்டிவிட்டேன். என் பிள்ளைகள் படித்ததும் நான் வீடு கட்டியதும் அந்த வேலையில்தான். இருந்தாலும் என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால் முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கார்தான். மேஸ்திரி, டாக்டரம்மா என்ற அந்த இரண்டு பேர் கையில் நான் வந்து மாட்டினேனே, அதற்கு மேல் ஒரு பாக்கியம் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். அந்தப் பிரசவத்துக்குப் பிறகு வந்த ஆனி மாதத்தில் பெரியண்ணன் ஒரு பலாப்பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு எங்கள் பட்டறைக்கு வந்தான். பின்னாலேயே பாவாயி, இடுப்பில் கொழுகொழுவென்று குழந்தை. மேஸ்திரி உலையை விட்டு எழுந்து வந்தார். கையில் கரி, அதனால் குழந்தையைத் தொடாமல் குனிந்து பார்த்தார். பிறகு பாவாயியிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏஞ்சாமி, அன்னைக்கு வண்டியில வந்தியே. ரோடெல்லாம் எப்படி இருந்துச்சு? ரொம்ப இடிச்சுதா?"

அவள் யோசித்தாள். புருஷனைப் பார்த்தாள். பிறகு வெட்கத்தோடு சொன்னாள்.

"தெரியலீங்க. டாக்டரம்மா ஊசி போட்டாங்க. ரோடு வந்ததே எனக்கு ஞாபகம் இல்லீங்க."

நான் மேஸ்திரியைப் பார்த்தேன். ஊசியின் வேலையைப் பட்டையின் கணக்கில் எழுதிக்கொள்கிற ஆள் அவர் இல்லை. ஆனால் அன்றைக்கு அவர் வாய்விட்டுச் சிரித்தார். அத்தனை வருஷத்தில் அவர் பல்லை நான் அன்றுதான் பார்த்தேன்.

"அது போதுமுங்க சாமி" என்றார். "அது போதும்."